காரியம் முடியும்வரை: நகரத்து முதியோருக்குத் தகவலும் துணையும்

பெரம்பூரில் எங்கள் தெருவில் 84 வயது அம்மா ஒருவர் தனியாக வசிக்கிறார். அவருடைய கணவர் ஒரு மத்திய அரசுத் துறையில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று, காலமானவர். குடும்ப ஓய்வூதியம் மாதம் தவறாமல் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் பேச்சுவாக்கில், "80 வயது ஆனபோது உங்கள் ஓய்வூதியம் கூடியதா அம்மா?" என்று கேட்டேன். "அப்படி ஒன்று உண்டா?" என்றார்.

உண்டு. மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோருக்கு 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதைத் தொட்டால் 100 விழுக்காடு. குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இது பொருந்தும். தானாகவே சேர வேண்டிய தொகைதான். ஆனால் கணவரின் ஓய்வூதியக் கொடுப்பாணையில் (பி.பி.ஓ.) மனைவியின் பிறந்த தேதி எழுதப்படாமல் விட்டுப்போயிருந்தால், அவருக்கு 80 வயது ஆனது கணக்கு வைப்பவர்களுக்குத் தெரியாது. அந்த அம்மாவின் தாளிலும் அந்த இடம் வெற்றாகவே இருந்தது. நான்கு ஆண்டுகள் அப்படியே கழிந்திருந்தன.

என்னை வருத்தியது வேறொன்று. இரண்டு வீடு தள்ளி வசிக்கும் 86 வயதுப் பெரியவர் அதே கூடுதல் தொகையை ஆறு ஆண்டுகளாகப் பெற்றுவருகிறார். இருவரும் தினமும் காலையில் ஒரே பால் பூத்தில் பார்த்துக்கொள்பவர்கள். நலம் விசாரித்துக்கொள்வார்கள், வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். ஓய்வூதியத்தைப் பற்றிப் பேச இருவருக்கும் ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. தகவல் அந்தத் தெருவிலேயே, இருபது அடி தூரத்தில் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த இருபது அடியைப் பற்றியது. நகரத்தில் வாழும் முதியோரிடம் உள்ளூர்த் தகவலைக் கொண்டுசேர்ப்பதும், அந்தத் தகவலைக் காரியமாக்கத் துணை நிற்பதும் என்றால் என்ன, அதை எப்படிச் செய்வது என்று புதிதாகக் கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் அறிந்த நகரம் சென்னை என்பதால் எடுத்துக்காட்டுகள் எல்லாம் சென்னையைச் சேர்ந்தவை.

சொல்வது, வழிகாட்டுவது, கூடப் போவது

உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில், 33 நகரங்களில் முதியோரிடமே கேட்டறிந்து, முதியோருக்கு உகந்த நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. போக்குவரத்து, வீட்டுவசதி, மருத்துவச் சேவை என்று அது வகுத்த எட்டுத் துறைகளில் "தகவல் தொடர்பு" தனி ஒரு துறை. சாலையும் மருத்துவமனையும்போலத் தகவலையும் நகரத்தின் கட்டுமானமாக அது பார்க்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த பார்வை. அதே வழிகாட்டி இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்கிறது: அச்சிட்ட தாளைவிட, தெரிந்த மனிதர் வாய்வழியாகச் சொல்வதே முதியோருக்கு எளிதில் சென்றுசேர்கிறது.

நாம் பொதுவாக "தகவல் சொல்லிவிட்டேன்" என்று ஒரே செயலாக நினைப்பதில் உண்மையில் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஒரு திட்டம் இருக்கிறது என்று சொல்வது முதல் வேலை. அது இவருக்குப் பொருந்துமா, எந்த அலுவலகம், என்னென்ன தாள், எந்த நாள் என்று பிரித்துச் சொல்வது இரண்டாவது. விண்ணப்பம் நிரப்பி, கூடப் போய், வரிசையில் நின்று, காரியம் முடிந்ததா என்று பதினைந்து நாள் கழித்துக் கேட்பது மூன்றாவது.

முதல் வேலையைச் செய்ய இன்று ஆட்களுக்குக் குறைவில்லை. வாட்ஸ்ஆப் குழுக்களில் நாளொன்றுக்குப் பத்துச் செய்திகள் வருகின்றன. இரண்டாவதைச் செய்பவர்கள் சிலர். மூன்றாவதைச் செய்பவர்களைத் தெருத் தெருவாகத் தேட வேண்டியிருக்கிறது. முதியோர் தடுக்கி நிற்பதோ மூன்றாவது இடத்தில்தான்.

பூக்கட்டிப் பிழைக்கும் 67 வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 1962ஆம் ஆண்டிலிருந்து முதியோர் உதவித்தொகை வழங்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரியும். 2023இல் அது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்ததும் தெரியும். தெருவில் நான்கு பேர் வாங்குகிறார்கள். அவர் ஏன் விண்ணப்பிக்கவில்லை? ஆதாரில் வயது 58 என்று தவறாகப் பதிந்திருக்கிறது. அதைத் திருத்த எங்கே போவது என்று தெரியவில்லை. ஒரு நாள் போனால் அன்றைய பூ வியாபாரம் போகும். போய், "இந்தத் தாள் போதாது" என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு நாளும் போகும். அவரிடம் போய் "முதியோர் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது அம்மா" என்று சொல்வதால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது, வயதைத் திருத்த எந்தெந்தச் சான்று செல்லும் என்று முன்கூட்டியே கேட்டுவைத்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று அறிந்து, வியாபாரம் மந்தமான ஒரு நாளில் உடன் வருகிற ஒருவர்.

முதல் கேள்வி: "எந்த ஓய்வூதியம்?"

தகவல் பொதுவாக இருக்கும்போது பாதிக்கு மேல் தவறாகவே போய்ச் சேர்கிறது. இதற்கு வாழ்நாள் சான்றிதழைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுக்கு ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். "நவம்பர் மாதம் கொடுக்க வேண்டும்" என்பது ஊரெங்கும் பரவியிருக்கும் செய்தி. எங்கள் பகுதியில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள் நிறைந்திருப்பதால் அவர்களுக்கு இது சரி. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர்தான். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டில் இருப்பவர் மாநில அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். மாநில அரசில் இதை நேர்காணல் என்பார்கள். அவர் எந்த மாதத்தில் ஓய்வுபெற்றாரோ அந்த மாதத்தில் செய்ய வேண்டும். எதிர்வீட்டுக்காரர் தனியார் தொழிற்சாலையில் இருந்து வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் வாங்குபவர். அவர் ஆண்டின் எந்த நாளிலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். ஒரே தெரு, மூன்று வீடு, மூன்று விதி. நவம்பர் என்று நம்பிக்கொண்டிருந்த ஆசிரியருக்கு ஓய்வூதியம் நின்றுபோனால், குற்றம் அவருடையது ஆகாது. "ஓய்வூதியர்கள் கவனத்துக்கு" என்று பொதுவாக எழுதி அனுப்பிய நம்முடையதுதான்.

ஆகவே ஒரு தகவலைச் சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்த ஓய்வூதியம்? வயது எத்தனை? குடும்ப அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது? கைபேசியை யார் வைத்திருக்கிறார்கள்? வயது என்பது மிகவும் குழப்புகிற ஒன்று. மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன் பெற 60 வயது போதும். 2016இல் தொடங்கிய திட்டம் அது. வங்கிகள் 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கியபோது, ரேஷன் பொருள் வீட்டுக்கு வர வைத்த வயதும் 70தான். கூடுதல் ஓய்வூதியம் 80இல். எல்லோரையும் "மூத்த குடிமக்கள்" என்று ஒரே சொல்லில் அழைத்துவிடுகிறோம். சட்டமும் திட்டங்களும் அப்படிப் பார்ப்பதில்லை.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பயணம் இலவசம். அதனால் பேருந்து டோக்கனைப் பற்றி ஒரு பாட்டியிடம் நீட்டி முழக்குவதில் அர்த்தம் குறைவு. அதே நேரத்தில் அவர் கணவருக்கு அது உயிர்நாடி.

காதும் கண்ணும் விரலும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று எழுத விரும்புகிறேன். எவ்வளவு நல்ல தகவலும் இங்கேதான் உதிர்ந்துபோகிறது.

முதுமையில் கேள்வித்திறன் எல்லா ஒலிகளுக்கும் ஒரேபோலக் குறைவதில்லை. மேல் சுருதி ஒலிகள் முதலில் போகின்றன. ச, த, ப போன்ற மெய்யொலிகள் மங்கும், உயிரொலிகள் கேட்கும். அதனால்தான் பலர் "நீ பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்பதுதான் தெரியவில்லை" என்கிறார்கள். நாம் உடனே கத்துகிறோம். கத்தும்போது குரல் மேலே ஏறுகிறது. இன்னும் கேட்காமல் போகிறது. போதாததற்கு, கோபப்படுகிறோமோ என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள். குரலைத் தாழ்த்தி, நிதானமாக, முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே உட்கார்ந்து பேசினால் பெரும்பாலானோருக்குப் புரிகிறது. மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் சற்று நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்தது எழுதித் தருவது. ஒரு தாளில் ஒரே ஒரு காரியம். பட்டையான கறுப்பு மையில், பெரிய எழுத்தில்: என்ன காரியம், எங்கே, எந்த நாள், என்னென்ன தாள், யாரைக் கூப்பிடுவது. ஐந்து வரிகளுக்கு மேல் போகக் கூடாது. நானும் நண்பர்களும் தொடக்கத்தில் எல்லா உதவி எண்களையும் ஒரே அட்டையில் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தோம். முப்பது எண்கள் இருந்தன. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, பல வீடுகளில் அது அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்தது. ஒருவர்கூட அதைப் பார்த்து யாரையும் அழைத்ததாகச் சொல்லவில்லை. இப்போது நாங்கள் கொடுப்பது நான்கே எண்கள்: ஆம்புலன்ஸுக்கு 108, முதியோர் உதவி எண் 14567, மாநகராட்சிக்கு 1913, நான்காவதாகத் தெருவில் உடனே ஓடி வரக்கூடிய ஒருவரின் எண். அந்த நான்காவது எண்ணைத்தான் எல்லோரும் அழைக்கிறார்கள். 14567 நாடு முழுவதற்குமான இலவச எண், காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது, தகவலும் சட்ட வழிகாட்டலும் மனத்துக்கு ஆறுதலும் கிடைக்கும் என்பதை நேரில்தான் விளக்குகிறோம். ஒருமுறை எதிரில் உட்கார்ந்து அழைத்துப் பேச வைத்தால் பிறகு பயமில்லாமல் அவர்களே அழைக்கிறார்கள்.

விரல்ரேகைக்கும் வயதுண்டு. பல ஆண்டுகள் பாத்திரம் தேய்த்த, துணி துவைத்த, இயந்திரம் ஓட்டிய விரல்களில் ரேகை தேய்ந்துபோகிறது. ரேஷன் கடைக் கருவியில் மூன்று முறை விரல் வைத்தும் பதியாமல், வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுக்க, வெறும் பையோடு திரும்பி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டு. கருவிழிப் பதிவு வசதி இருக்கிறதா என்று கேட்கலாம். கடைக்கே வர முடியாத நிலை என்றால், தம் சார்பில் இன்னொருவர் பொருள் வாங்க அங்கீகரிக்கும் படிவம் இருக்கிறது. வாழ்நாள் சான்றிதழிலும் இதே தொல்லைதான். 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் கைபேசியில் காட்டியே பதியும் வசதி வந்ததால் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க் கட்டணத்தில் பதிந்து தருவார் என்பதை இன்னும் பலர் அறியவில்லை.

தகவல் எங்கே குடியிருக்கிறது

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் முதலில் அரசு இணையதளங்களைத் திறக்கிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் ஒரு பகுதியின் உயிருள்ள தகவல் சில மனிதர்களிடம் இருக்கிறது. மருந்துக் கடைக்காரருக்கு யார் இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியும். பத்து நாள் மாத்திரைக்குப் பதில் ஐந்து நாளுக்கு வாங்கிப் போகும்போதே அவருக்குப் புரிந்துவிடுகிறது. அந்த வீட்டுக்குச் சொல்ல வேண்டியது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீடு தேடி வரும் என்பதை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் உண்டு. பால் போடுபவருக்கு எந்த வாசலில் பை எடுக்கப்படாமல் கிடக்கிறது என்று தெரியும். இஸ்திரி வண்டிக்காரருக்கு எந்த வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று தெரியும். இவர்களோடு பழகாமல் முதியோருக்கு உதவும் குழு ஒன்றைத் தொடங்குவது, அடித்தளம் இல்லாமல் சுவர் எழுப்புவதுதான்.

சுகாதாரத்தைப் பொறுத்தவரை சென்னை ஒரு விதத்தில் கொடுத்துவைத்த நகரம். முதியோர் மருத்துவத்தை ஒரு தனித்துறையாக இந்தியாவில் வளர்த்ததில் சென்னை மருத்துவக் கல்லூரிக்கும் மருத்துவர் வி.எஸ். நடராஜனுக்கும் பெரும் பங்கு உண்டு. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் முதியோருக்கென்றே 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இவ்வளவும் இருந்தும், பெரம்பூரில் இருப்பவர் முழங்கால் வலியோடு கிண்டிக்கு எப்படிப் போவார்? எத்தனை மணிக்குள் புறநோயாளிச் சீட்டு வாங்க வேண்டும்? திரும்பி வர யார் துணை? மருத்துவமனை இருக்கிறது என்பது செய்தி. இந்த மூன்று கேள்விக்கும் விடை கிடைத்தால்தான் அவருக்கு மருத்துவம்.

பயமுறுத்தி வரும் அழைப்புகள்

நல்ல தகவல் போய்ச் சேராத வீட்டில் கெட்ட தகவல் போய் உட்காருகிறது. "வாழ்நாள் சான்றிதழைப் புதுப்பிக்கிறோம், வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்" என்று ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுவதுபோல அழைப்பார்கள். ஓய்வுபெற்ற தேதி, அலுவலகப் பெயர் எல்லாம் சரியாகச் சொல்வார்கள். அதனாலேயே நம்பிவிடுகிறார்கள். இன்னொரு வகை, "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமராவை அணைக்காதீர்கள்" என்பது. காவல்துறை கைபேசி வழியாக யாரையும் கைது செய்வதில்லை. அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது.

இதைச் சொல்லும் விதத்தில்தான் கவனம் வேண்டும். "ஏமாந்துவிடாதீர்கள்" என்ற அறிவுரையில் ஏமாந்தவர் முட்டாள் என்ற தொனி ஒளிந்திருக்கிறது. அந்தத் தொனியைக் கேட்டவர்கள், ஏமாந்த பிறகு யாரிடமும் வாய் திறப்பதில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற வெட்கத்தில் நாட்களைக் கடத்துகிறார்கள். பணம் போனால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஆகவே நாங்கள் சொல்வது இதுதான்: "அவர்கள் கைதேர்ந்தவர்கள் ஐயா. படித்தவர்கள், அதிகாரியாக இருந்தவர்கள் எல்லோரும் பணம் இழந்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு அழைப்பு வந்து நெஞ்சு படபடத்தால், வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை."

வீட்டுக்குள்ளே இருக்கும் துயரம்

எல்லாத் துயரமும் வெளியிலிருந்து வருவதில்லை. வீட்டை மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அதே வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இவர்களுக்கானது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, அந்தப் பராமரிப்பு நடக்கவில்லை என்றால், 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கச் செய்யலாம். பிள்ளை இல்லாதவர்கள், தம் சொத்தை அடையக்கூடிய உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம்.

இதைத் தெரிந்துகொண்டவுடன் இளையவர்களுக்கு இரத்தம் கொதிக்கும். "வாருங்கள் அம்மா, மனுக் கொடுப்போம்" என்று கிளம்பிவிடுவார்கள். நானும் அப்படி ஒரு முறை அவசரப்பட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் என் பிள்ளை, தம்பி" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது வழக்கு அல்ல என்று புரிய எனக்கு இரண்டு வாரமானது. மகனுக்கு வேலை போயிருந்தது. வீட்டில் எல்லோருமே அரைவயிறு. கடைசியில் குடும்பத்துக்கு உதவிய காரியங்கள் இரண்டு: அம்மாவின் முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. சட்டம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தேன். அதை எப்போது எடுப்பது, எடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அடி, உதை, பூட்டி வைத்தல் என்று உயிருக்கு ஆபத்து தெரிந்தால் கதை வேறு. அங்கே தயங்காமல் 112ஐ அழைக்க வேண்டும்.

இதே மரியாதை பணத்திலும் தாள்களிலும் வேண்டும். யாருடைய ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் நாம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, அவர்களே வற்புறுத்தினாலும். வங்கிக்குப் போவதென்றால் இரண்டு பேராகப் போவது நல்லது. அது அவருக்கும் காப்பு, நமக்கும் காப்பு. ஆதார் நகல் வாங்கினால் எதற்காக வாங்கினோம் என்று அதன்மேலேயே எழுதி, காரியம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இன்னாருக்கு இன்ன நோய், இன்னார் வீட்டில் இன்ன சண்டை என்பது குழுவின் நான்கு பேரைத் தாண்டிப் போகக் கூடாது. அழைக்கும் சொல்லும் அப்படித்தான். எல்லோரையும் பாட்டி, தாத்தா என்று நாமாகவே கூப்பிட்டுவிடுகிறோம். 40 ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்த ஒருவர் "என்னை டீச்சர் என்றே கூப்பிடு" என்றார். கேட்டுவிட்டு அழைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மழை நாட்கள்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வடசென்னை அனுபவித்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மின்சாரம் போனால் லிப்ட் நிற்கும், கைபேசி அணையும், தண்ணீர் மோட்டார் ஓடாது. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் 78 வயதுக்காரருக்கு அந்த நேரத்தில் எந்த உதவி எண்ணும் பயன்படாது. பயன்படுவது, அக்டோபரிலேயே எழுதி வைத்த ஒரு பட்டியல்: யார் தரைத்தளத்தில் இருக்கிறார்கள், யாருக்கு ஆக்சிஜன் கருவி, யாருக்கு டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை, யார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார், யார் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி ஓடாத நாட்களில் இன்சுலினை நீர் ஊற்றிய மண்பானைக்குள் ஒரு டப்பாவில் வைத்துக் காக்கலாம் என்பது சின்னத் தகவல்தான். மழைக்கு முன்னால் சொன்னால் தகவல். வெள்ளம் வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. பதினைந்து நாள் மாத்திரையைக் கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்வதும் அப்படித்தான்.

உங்கள் தெருவில் தொடங்க

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2021க்கு அது 13.6 ஆகியிருக்கும் என்று மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு மதிப்பிட்டது. அலுவலகங்கள் இந்த வேகத்துக்கு வளர வெகுநாளாகும். தெரு நாளைக்கே தொடங்கலாம்.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நாங்கள் நான்கு பேர், மூடிக்கிடக்கும் ஒரு பழைய அச்சகத்தின் திண்ணையில் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை உட்காருகிறோம். நடைப்பயிற்சி முடித்து வருபவர்களும் பால் வாங்க வருபவர்களும் நின்று பேசுவார்கள். ஒரு நீண்ட நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் பக்கத்துக்கு நான்கு பத்திகள்: யாருக்கு, என்ன காரியம், அடுத்து என்ன, யார் கூடப் போகிறார்கள். காரியம் முடிந்தால்தான் அந்த வரியைச் சிவப்பு மையில் அடிப்போம். "தகவல் சொல்லியாயிற்று" என்று எந்த வரியையும் அடிக்கக் கூடாது என்பது எங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒரே விதி.

நான்கு பேரில் ஒருவர், தொடக்கத்தில் சொன்ன அந்த 86 வயதுப் பெரியவர். அந்த அம்மாவின் பிறந்த தேதியைச் சேர்க்க வயதுச் சான்றோடு வங்கி வழியாக விண்ணப்பித்தபோது, தம்முடைய பழைய கொடுப்பாணையைக் கொண்டுவந்து காட்டி, எந்த இடத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தவர் அவர். நான்கு மாதம் ஆனது. நிலுவை வந்த அன்று அந்த அம்மா எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அதற்கடுத்த சனிக்கிழமை, தன் தங்கை வில்லிவாக்கத்தில் இருக்கிறாள், அவளுக்கும் இதேபோல இருக்குமோ என்று கேட்டுக்கொண்டு ஒரு பழைய பி.பி.ஓ. நகலோடு திண்ணைக்கு வந்தார். அந்த வரி இன்னும் அடிக்கப்படவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை அவரும் நானும் வில்லிவாக்கம் போகிறோம்.